தங்கவயலைத் தேடுதல்: தமிழ்ப் பனுவல்களுக்கான கட்டளைவரித் தேடற்கருவியின் வடிவமைப்பு

கோலார் தங்கவயல் என்னும் ஊர்ப்பெயர் தமிழ்ப் பனுவல்களில் ஒரே வடிவில் வழங்கவில்லை. கோலார் தங்கவயல், கோலார்த் தங்கவயல், கோலார் தங்க வயல், கோலார் கோல்ட் பீல்ட், கோலார் கோல்டு ஃபீல்டு, கே.ஜி.எப்., கேஜிஎஃப் எனப் பலவாறு அது எழுதப்படுகின்றது. அந்நகரின் பகுதிகளாகிய இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம், உரிகம், சாம்பியன் ரீப் ஆகியவற்றின் பெயர்களும் இவ்வாறே எழுத்து வேறுபாடுகளுக்கு உட்படுகின்றன. பெரியதொரு தரவகத்தில் இவ்வூர் எத்தனை இடங்களில் சுட்டப்படுகின்றது என அறிய விரும்பும் ஆய்வாளர் ‘தங்கவயல்’ எனத் தட்டச்சு செய்து கணிப்பொறியை வினவினால், கிடைக்கும் எண் பிழையானதாகவே இருக்கும். எழுத்து வேறுபாடுகளால் நேரும் இழப்பு அதில் ஒரு பகுதியே. ‘தங்கவயலில்’, ‘தங்கவயலுக்கு’, ‘தங்கவயலின்’, ‘தங்கவயலை’ என வேற்றுமை ஏற்ற வடிவங்கள் அனைத்தையும் அக்கருவி கண்ணெதிரே வைத்துக்கொண்டு கடந்து சென்றிருக்கும். தமிழ்ப் பனுவல்களுக்கெனத் தேடற்கருவி ஒன்றை வடிவமைப்போர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா எது என்பதை, இவ்வூர்ப் பெயரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

இவ்வூரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளின் நடுவே தமிழ் எழுத்தும் அச்சும் இங்கு வளர்ந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914-இல் மறைந்த பின்னர், 1920-களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் இவ்வூரைச் சேர்ந்ததே. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தொழிலைச் சார்ந்து வழங்கிய சொற்களுக்கு இனி எழுத்துச் சான்றுகளே நிலையான இருப்பிடம். அச்சான்றுகள் மின்வடிவம் பெற்ற பின்னும் தேடினால் அகப்படாது போகுமாயின், ஆய்வுலகைப் பொறுத்தவரை அவை இல்லாதவையே ஆகும்.

1. கிரெப் என்னும் கருவி

கட்டளைவரித் தேடற்கருவிகளின் மூலவடிவம் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ‘கிரெப்’ ஆகும். கென் தாம்சன் பெல் ஆய்வகத்தில் இதனை உருவாக்கினார். 1973-இல் யூனிக்சின் நான்காம் பதிப்பில் இது இடம்பெற்றது. கருவி பிறந்த சூழல் மொழியாய்வாளர்க்குச் சுவையானது. அவ்வாய்வகத்தைச் சேர்ந்த லீ மக்மேன், 1787-88-இல் அமெரிக்காவில் புனைபெயரில் வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-இன் ஆசிரியர் யார் யார் என்பதைச் சொல்லாட்சி கொண்டு ஆராய முற்பட்டார். அன்றைய பதிப்பிச் செயலி அவ்வளவு பெரிய பனுவலைத் தாங்கவில்லை. அப்பதிப்பியின் தேடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, வரிவரியாகப் படித்துச் செல்லும் சிறு நிரலாகத் தாம்சன் ஆக்கித் தந்தார் என்று பிரையன் கெர்னிகன் குறிப்பிடுகின்றார். ஆகவே இன்று உலகெங்கும் நிரலாளர் கையாளும் இக்கருவி, தோற்றத்தில் ஒரு பனுவலாய்வுக் கருவியாகும். தமிழ்ப் பனுவலாய்வுக்கு இதனைக் கொண்டுவருதல் புறத்தேயிருந்து ஒன்றைத் திணிப்பதாகாது.

கிரெப்பிற்குத் தரப்படும் வினா, தனிச்சொல்லாக மட்டுமன்றிச் ‘சுருங்குறித்தொடர்’ ஆகவும் அமையலாம். பல சொல்வடிவங்களை ஒரே கோவையில் அடக்கிக் கூறும் குறிமுறை இது. இதன் கணித அடிப்படையை ஸ்டீபன் கிளீனி 1951-இல் வகுத்தார். அது 1956-இல் நூலில் வெளிவந்தது. தாம்சன் 1968-இல் இதனைப் பனுவல் தேடலுக்குரிய நெறிமுறையாக்கினார். ஆல்பிரட் ஏகோ 1975-இல் உருவாக்கிய ‘ஈகிரெப்’ விரிவுபடுத்திய சுருங்குறித்தொடர்களைக் கையாண்டது. 1992-இல் வெளியான போசிக்ஸ் செந்தரம் எளிய வகை, விரிந்த வகை என இரண்டையும் வரையறுத்தது. ஈகிரெப் என்னும் தனிப்பெயர் வழக்கொழிந்து வருகின்றது. க்னூ கிரெப்பின் 3.8-ஆம் பதிப்பு (2022), அப்பெயரால் அழைப்போர்க்கு எச்சரிக்கை தருகின்றது. கிரெப்பையே விரிந்த வகைக்குரிய விருப்பத்துடன் அழைத்தல் வேண்டும்.

விரிந்த வகையின் இயக்கிகள் சிலவே. செங்குத்துக் கோடு ‘அல்லது’ எனப் பொருள்படும். வினாக்குறி தனக்கு முன்னுள்ளது இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்னும். உடுக்குறி எத்தனை முறையேனும் வரலாம் என்னும். கூட்டற்குறி ஒருமுறையேனும் வருதல் வேண்டும் என்னும். சதுர அடைப்பு தன்னுள் உள்ளவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குறிக்கும். முற்றுப்புள்ளி ஏதேனும் ஓர் எழுத்து. வளைவடைப்பு இவற்றைத் தொகுக்கும். மொழியியலில் மாற்றுவடிவங்களை வளைவுக்குறிகளிலும் அடைப்புகளிலும் எழுதிப் பழகியோர்க்கு இக்குறிமுறை புதிதன்று.

2. எழுத்து எனப்படுவது யாது

மேற்கண்ட விளக்கத்தில் ‘எழுத்து’ என்னும் சொல் பலமுறை வந்தது. வினாக்குறி தனக்கு முன்னுள்ள ஓர் எழுத்தைத் தழுவும். முற்றுப்புள்ளி ஓர் எழுத்துக்கு நிகர். ஆங்கிலத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தமிழிலோ இவ்விடத்தில்தான் கருவியின் அடித்தளம் உள்ளது.

‘தங்கவயல்’ என்னும் சொல்லின் நீளம் யாது? கணிப்பொறி நினைவகத்தில் அது 24 பைட்டுகள். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். குறியெண்களாக எண்ணின் எட்டு: த, ங, புள்ளி, க, வ, ய, ல, புள்ளி. பள்ளி மாணவர் எண்ணினால் ஆறு: த, ங், க, வ, ய, ல். ஒலியனாக, அதாவது மெய்யும் உயிருமாகப் பிரித்து எண்ணின் பத்து: த், அ, ங், க், அ, வ், அ, ய், அ, ல். நான்கு எண்ணிக்கைகளும் தத்தம் நிலையில் சரியானவை. ஆயின் தேடற்கருவி அவற்றுள் ஒன்றையே அலகாகக் கொள்ள முடியும். எதனைக் கொள்கின்றது என்பதைப் பொறுத்துத் தேடலின் விடை மாறும்.

இன்றைய பொதுக் கருவிகள் குறியெண்ணை அலகாகக் கொள்கின்றன. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறிமுறையின் வழியில் அமைந்தது. அதில் அகரமேறிய ‘ல’ ஒரே குறி. ‘ல்’ என்பது லகரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறி. ‘லி’ என்பது லகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரு குறி. தமிழ் இலக்கணம் மெய்யை முதலாக வைத்து உயிரை அதன்மேல் ஏற்றுகின்றது. குறிமுறையோ அகரமேறிய உயிர்மெய்யை முதலாக வைத்து, அகரத்தை நீக்குதற்குப் புள்ளியை இடுகின்றது. இத்தலைகீழ் மாற்றத்தின் விளைவை நேரிற் காணலாம். ‘தங்கவயல்’ என்பதன் எட்டாம் குறி புள்ளி. ‘தங்கவயலில்’ என்பதன் எட்டாம் குறி இகரக் குறி. ஆகவே முன்னது பின்னதன் பகுதியாக இல்லை என்று கருவி முடிவு செய்கின்றது. தமிழறிந்தார் எவரும் ஒப்பாத முடிவு இது.

‘தங்கவயல’ எனப் புள்ளியின்றித் தட்டச்சு செய்தால் எல்லா வடிவங்களும் அகப்படுமே எனலாம். அகப்படும், கணினிப் பழக்கமுடைய ஆய்வாளர் பலரும் இவ்வுத்தியையே கையாள்கின்றனர். ஆயின் இது குறிமுறையின் உள்ளமைப்பை அறிந்தவர்க்கு மட்டுமே தோன்றும் உத்தி. மேலும் எல்லாச் சொற்களுக்கும் இது தேவைப்படுவதில்லை என்பதால் மயக்கம் மிகுகின்றது. ‘இராபர்ட்சன்பேட்டை’ ஐகாரத்தில் முடிவது. உருபேற்று ‘இராபர்ட்சன்பேட்டையில்’ ஆகும்போது மூலவடிவம் சிதையாமல் நிற்கின்றது. அப்பெயரைத் தேடினால் உருபேற்ற வடிவங்களும் கிடைக்கும். ‘தங்கவயல்’, ‘கோலார்’, ‘மாரிகுப்பம்’ ஆகியவை மெய்யீற்றன. இவற்றின் உருபேற்ற வடிவங்கள் கிடைக்கமாட்டா. இவ்வாறு பெற்ற எண்களைக் கொண்டு, தங்கவயல் என்னும் பொதுப்பெயரினும் இராபர்ட்சன்பேட்டை என்னும் பகுதிப்பெயரே எழுத்தில் மிகுதியாகப் பயின்றது என ஒருவர் முடிவு கூறினால், அது சொல்லின் ஈற்றெழுத்தைப் பற்றிய செய்தியேயன்றி ஊரைப் பற்றிய செய்தியாகாது.

பள்ளி எண்ணிக்கையை அலகாகக் கொண்டாலும் சிக்கல் தீராது. அம்முறையில் ‘ல்’ வேறு, ‘லி’ வேறு. ‘தங்கவயல’ என்னும் உத்தியும் பயனற்றுப் போகும். எஞ்சியது மெய்-உயிர்ப் பகுப்பு. அதில் ‘தங்கவயலில்’ என்பது,

த் அ ங் க் அ வ் அ ய் அ ல் இ ல்

என நிற்கும். முதற் பத்து அலகுகள் ‘தங்கவயல்’ என்பதே. உருபு தனியே தொடர்கின்றது. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்று கூறி உயிர்மெய்யைத் தனியெழுத்தாக எண்ணாது விட்டதும், பின்வந்த நன்னூல் உயிர்மெய்யைச் சார்பெழுத்துள் வைத்து எண்ணியதும் இலக்கண மாணவர் அறிந்தவை. புணர்ச்சியை விளக்கப் புகுந்த தொல்காப்பியர்க்கு எது அடிப்படை அலகாகத் தேவைப்பட்டதோ, அதுவே தேடற்கருவிக்கும் தேவைப்படுகின்றது. இரண்டும் சொல்லின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்குமிடத்தில் நிகழ்வதைக் கையாள்கின்றன.

இது முற்றிலும் புதிய கருத்தன்று. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பனுவல்கள் மின்வடிவம் பெற்றபோது, அவை ஒலியனுக்கு ஒரு குறி என்னும் முறையில் உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் உள்ளிடப்பட்டன. அக்காலத்தில் தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுதல் அரிது என்பது ஒரு காரணமாயினும், மெய்யும் உயிரும் தனித்தனியே நின்றமையால் தேடலும் சொல்லடைவு ஆக்கலும் எளிதாயின. 2010-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தேஸ்-16’ குறிமுறையில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் உண்டு. அவ்வெண்ணிலிருந்து மெய்யையும் உயிரையும் கணக்கிட்டுப் பெறலாம். ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நிரலகத்தில் உயிர்மெய்யைப் பிரிக்கவும் சேர்க்கவும் செயற்கூறுகள் உள்ளன. பனுவலை ஒருங்குறியிலேயே வைத்துக்கொண்டு, தேடும் நேரத்தில் மட்டும் பிரித்து நோக்குவதே இன்றைய நிலையில் ஏற்புடைய வழி எனத் தோன்றுகின்றது.

பிரித்த பின் மீண்டும் சேர்த்து அச்சிடலாமே எனின், அது பாதுகாப்பானதன்று. ‘நாளிதழ்’, ‘நாள்இதழ்’ ஆகிய இரண்டும் பகுப்பில் ஒரே வரிசையாகிவிடும். தேடலுக்கு இது நன்மையே. இரண்டும் ஒருங்கே அகப்படும். ஆயின் சேர்த்தெழுதும்போது மூலத்தில் இருந்தது எது என அறிய வழியில்லை. பனுவலின் எழுத்தைக் கருவி மாற்றிக் காட்டுதல் ஆய்வில் பொறுக்கத்தக்கதன்று. எனவே ஒவ்வோர் அலகும் மூலத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்னும் இடக்குறிப்பைக் கருவி உடன்வைத்திருந்து, விடையாக மூலவரியையே அச்சிடுதல் வேண்டும்.

3. இயக்கிகள் தமிழிற் படும் பாடு

அலகு மாறினால் இயக்கிகளின் பொருளும் மாறும். ‘கோலார்த் தங்கவயல்’ என ஒற்று மிகுத்து எழுதுவாரும், மிகாது எழுதுவாரும் உளர். இரண்டையும் ஒருங்கே தேட,

கோலார்த்? தங்கவயல்

என எழுதுதல் இயல்பு. குறியெண்ணை அலகாகக் கொண்ட கருவி இவ்வினாக்குறியைப் புள்ளிக்கு மட்டும் உரியதாகக் கொள்ளும். விளைவாக, ‘கோலார்த்’, ‘கோலார்த’ என்னும் இரண்டையுமே ஏற்கும்; ஒற்று மிகாத வடிவத்தை விட்டுவிடும். வளைவடைப்பிட்டு (த்)? என எழுதினால் தப்பலாம். மெய்-உயிர்ப் பகுப்பில் ‘த்’ ஒரே அலகாதலின் அடைப்பின்றியே சரியான விடை கிட்டும்.

சதுர அடைப்பில் இடர் மிகுதி. [காகி] என எழுதுவோர் ‘கா’ அல்லது ‘கி’ என்று கருதுவர். பொதுக் கருவிக்கு அது ககரம், ஆகாரக் குறி, இகரக் குறி ஆகிய மூன்றனுள் ஒன்று. ஆதலின் அது தனித்த ககரத்தையும் ஏற்கும். ‘மா’ என்பதன் காலையும் ஏற்கும். எழுத்து வீச்சிலோ ஏமாற்றம் இன்னும் பெரிது. தமிழ் நெடுங்கணக்கு ககரம் முதல் னகரம் வரை பதினெட்டு மெய். ஆகவே [க-ன] என்றால் எல்லா மெய்யும் அடங்கும் என எண்ணத் தோன்றும். ஒருங்குறி வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. அவ்வரிசைப்படி இவ்வீச்சு க, ங, ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன என்னும் பத்தை மட்டுமே தரும். பகரம் முதலிய ஒன்பது தமிழ் எழுத்துகள் விடுபடும். கேளாத ஜகரம் உள்ளே வரும். கருவி எவ்விதப் பிழைச்செய்தியும் தராது. ஒழுங்காக இயங்கித் தவறான விடை தருவதே இவ்வகைப் பிழைகளின் இயல்பு.

வடிவமைப்பில் இதற்கு இரு தீர்வுகள் கூடும். ஒன்று, வீச்சு தமிழ் நெடுங்கணக்கின் வரிசையைப் பின்பற்றல். மற்றொன்று, போசிக்ஸ் செந்தரம் ஆங்கிலத்திற்கு எழுத்து, எண், நிறுத்தற்குறி எனப் பெயரிட்ட வகுப்புகளைத் தந்திருப்பது போலத் தமிழுக்கு [:வல்லினம்:], [:மெல்லினம்:], [:இடையினம்:], [:குறில்:], [:நெடில்:] என்னும் வகுப்புகளைத் தருதல். பின்னது இலக்கண ஆய்வுக்கு உடனடிப் பயன் தருவது. வல்லெழுத்து மிகும் இடங்களைத் தொகுக்க விரும்புவோர் ஆறு எழுத்துகளையும் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

ஆயினும் ஓர் இணக்கமின்மையைத் தவிர்க்க இயலாது. ‘டு?’ என எழுதினால் வினாக்குறி உகரத்தை மட்டும் தழுவ வேண்டுமா, ‘டு’ முழுவதையும் தழுவ வேண்டுமா? பகுப்பு நெறிப்படி உகரத்தை மட்டுமே. சதுர அடைப்பினுள் [டுடி] என எழுதினாலோ பயனர் கருதுவது முழு உயிர்மெய்யையே. அடைப்பினுள் உயிர்மெய் முழுதாகவும் வெளியே பகுத்தும் கொள்ளப்படும் என விதித்தல் நெறிக்குச் சற்று முரணேயாயினும், பயனரின் எண்ணத்தோடு பொருந்துவது. முற்றுப்புள்ளிக்கும் இத்தகைய இரட்டை நிலை உண்டு. அது ஓர் ஒலியனைக் குறிக்குமாயின், முழு உயிர்மெய்யைக் குறிக்க வேறொரு குறி வேண்டும். செய்யுளின் எதுகையை ஆராய்வோர்க்கு அக்குறி இன்றியமையாதது.

4. கடன்சொற்களின் ஈறு

தங்கவயற் பனுவல்களில் சுரங்கத் தொழில் சார்ந்த ஆங்கிலக் கடன்சொற்கள் மிகுதி. பொன்னைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட வேதிப்பொருளின் பெயரை நோக்குக. அக்கழிவு மேடுகள் இன்றும் நகரின் அடையாளமாக நிற்பதால், சுரங்கம் மூடிய பின்னும் இச்சொல் எழுத்தில் பயில்கின்றது. சயனைடு, சயனைட், சைனைடு, சைனைட் என நான்கு வடிவங்கள் இயல்பாகக் கூடும். உருபேற்றால் சயனைடில், சைனைடால் என மேலும் விரியும். மெய்-உயிர்ப் பகுப்பில் இவையனைத்தும்,

ச்(அய்அ|ஐ)ன்ஐட்உ?

என்னும் ஒரே கோவையில் அடங்குகின்றன. வல்லின மெய்யில் முடியும் கடன்சொல் தமிழில் உகரம் பெறுவதும், அவ்வுகரம் உயிர் முதலாகிய உருபின் முன் கெடுவதும் குற்றியலுகரத்தின் இயல்பு. ஈற்றிலுள்ள ‘உ?’ அவ்விதியின் நேரடி வடிவம். இதே ஈறு கோல்ட், கோல்டு; பீல்ட், பீல்டு; ஷாப்ட், ஷாப்டு ஆகியவற்றுக்கும் பொருந்தும். குறியெண் முறையில் இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஈற்று வடிவங்களைத் தனித்தனியே பட்டியலிட நேரும். பட்டியலில் விடுபட்டது தேடலிலும் விடுபடும்.

‘கே.ஜி.எஃப்.’ என்னும் சுருக்கம் வேறு வகை. இதிலுள்ள முற்றுப்புள்ளிகள் சுருங்குறித்தொடரில் இயக்கிகளாதலின், ‘ஏதேனும் ஓர் எழுத்து’ எனப் பொருள்பட்டுவிடும். இடைவெளியிட்டும் இடாமலும், ஆய்தமிட்டும் இடாமலும் எழுதப்படும் வடிவங்களை,

கே[. ]\*ஜி[. ]\*எஃ?ப்

என்பது தழுவும். சதுர அடைப்பினுள் முற்றுப்புள்ளி தன் இயக்கத் தன்மையை இழந்து வெறும் குறியாகிவிடுகின்றது. இச்சுருக்கத்தையே பெயராகக் கொண்ட கன்னடத் திரைப்படங்கள் 2018-இலும் 2022-இலும் வெளிவந்து தமிழிலும் பரவியதால், அண்மைக்கால இதழ்களில் இதனைத் தேடுவோர் திரைச்செய்திகளின் நடுவே ஊரைத் தேட வேண்டியுள்ளது. பொருந்தாத வரிகளை மட்டும் காட்டும் விருப்பம் கிரெப்பில் தொடக்கமுதல் உண்டு. முதல் தேடலின் விடையை இரண்டாம் தேடலுக்கு உள்ளீடாக்கி, ‘படம்’, ‘திரை’ முதலிய சொற்கள் உள்ள வரிகளை விலக்கலாம்.

5. எல்லைகள்

தேடலை விரித்தால் வேண்டாதவையும் வரும். ‘கோலார்’ என்பது ‘செங்கோலார்’ என்பதனுள்ளும் உண்டு. ‘தங்க வயல்’ என இடைவெளியை விருப்பாக்கினால், ‘இரவில் தங்க வயலில் குடிசை அமைத்தனர்’ என்பது போன்ற தொடரும் அகப்படும்; அங்குத் ‘தங்க’ என்பது செயவெனெச்சம். முன்னதைச் சொல்லெல்லைக் குறி கொண்டு தடுக்கலாம். பின்னதைத் தடுக்க எழுத்தளவில் வழியில்லை.

சொல்லெல்லைக் குறியிலும் கருத்தூன்றல் வேண்டும். சொல்லெழுத்து எது என்பதைக் கருவி அறிந்தாலன்றி எல்லையை அறியாது. பைத்தான் மொழியின் இயல்பான சுருங்குறி நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. அதன் கணக்கில் ‘கோலார்’ என்னும் சொல்லின் நடுவிலேயே எல்லைகள் பல. ஒருங்குறிச் சேர்த்தியம் சுருங்குறித்தொடர்களுக்கென வெளியிட்ட 18-ஆம் தொழில்நுட்பச் செந்தரம் இக்குறிகளைச் சொல்லெழுத்துள் சேர்க்குமாறு கூறுகின்றது.

கிரெப் வரியை அலகாகக் கொண்டது. பழைய தமிழ் இதழ்களில் பத்தி குறுகியது. சொல் வரியிறுதியில் முறிந்து அடுத்த வரியில் தொடரும், பெரும்பாலும் இணைப்புக்குறி இன்றியே. அச்சுவரியைப் பேணி மின்வடிவாக்கிய பனுவலில் ‘தங்க’ ஒரு வரியிலும் ‘வயல்’ மறு வரியிலும் நின்றால் பொதுக் கருவி காணாது. பத்தியைத் தேடல் அலகாகவும் வரியெண்ணை இடக்குறிப்பாகவும் கொள்ளும் விருப்பம் தமிழ்க் கருவிக்குத் தேவை.

கண்ணுக்கு ஒன்றாகவும் குறியெண்ணில் வேறாகவும் இருப்பவை மற்றொரு தொல்லை. ‘கோ’ என்பதை ஓகாரக் குறி ஒன்றாலும் எழுதலாம். ஏகாரக் குறியும் காலும் என இரண்டாலும் எழுதலாம். இவையிரண்டும் நிகரானவை என ஒருங்குறியே கூறுவதால் தேடலுக்கு முன் ஒருப்படுத்தல் எளிது. ஔகாரத்தின் இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டிருத்தல், காலின் இடத்தில் ரகரம் இருத்தல் ஆகியவை நிகரானவை அல்ல, தட்டச்சுப் பிழைகள். ‘ஸ்ரீ’ சகரத்தின் இருவேறு கிரந்த வடிவங்களைக் கொண்டு இருவகையாக எழுதப்படுகின்றது. அவற்றுள் ஒன்றுக்குரிய எழுத்து 2005-இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. பழைய அச்சின் ணை, லை, றா முதலிய கூட்டு வடிவங்களோ அச்சமில்லாதவை. 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாற்றியது தோற்றத்தையே. குறியெண் இரண்டுக்கும் ஒன்று.

6. கருவி எதுவரை செல்லலாம்

தங்கவயல் என்னும் சொல் வல்லினத்தின் முன் ‘தங்கவயற்’ எனத் திரியும். மாரிகுப்பம் உருபேற்கும்போது ‘மாரிகுப்பத்து’ ஆகும். ஆய்வாளர் இவற்றை ‘தங்கவய(ல்|ற்)’, ‘மாரிக்?குப்ப(ம்|த்த்)’ எனத் தாமே எழுதிக்கொள்ள இயலும். புணர்ச்சி விதிகளைக் கருவியே அறிந்து தானாக விரித்துத் தந்தால் என்ன என்னும் வினா எழும். அது கூடாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. உயிர்மெய்யைப் பிரித்தல் ஐயத்திற்கு இடமற்ற செயல். புணர்ச்சியைப் பிரித்தல் பொருள்கோள். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் கூடும், தவறும் நேரும். எழுத்துநிலைத் தேடலுள் அதனை மறைத்து வைத்தால், கிடைத்த விடை பனுவலுடையதா கருவியின் ஊகமா எனப் பிரித்தறிய முடியாது. உருபனியல் பகுப்பாய்வி தனிக் கருவியாக நின்று, ஒன்றன் வெளியீடு மற்றொன்றுக்கு உள்ளீடாக அமைதலே யூனிக்ஸ் மரபுக்கும் ஆய்வு நெறிக்கும் ஒத்தது.

உள்ளே இயங்கும் பொறியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். சுருங்குறித்தொடரைப் பொருத்திப் பார்க்க இரு வழிகள் உண்டு. ஒரு வழி, ஒரு வாய்ப்பை எடுத்துக்கொண்டு சென்று, பொருந்தாவிடில் திரும்பி வந்து அடுத்த வாய்ப்பை முயல்வது. மற்றது தாம்சன் 1968-இல் காட்டியது: பனுவலை ஒருமுறையே படித்துக்கொண்டு, அவ்வெழுத்து வரை நிலவக்கூடிய எல்லா வாய்ப்புகளையும் ஒருங்கே ஏந்திச் செல்வது. முன்னது சில தொடர்களுக்கு எல்லையின்றி நேரம் எடுக்கும். 2019 சூலை 2-இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி ஒன்றில் இத்தகைய தொடர் இடம்பெற்றதால், அதன்வழி இயங்கிய வலைத்தளங்கள் உலகெங்கும் ஏறத்தாழ அரைமணி நேரம் முடங்கின. ‘அல்லது’ மிகுந்த தமிழ்த் தேடல்களுக்குப் பின்னதே தக்கது.

ஆயின் மொழியியலாளர் விரும்பும் ஒன்றை இப்பொறியால் தர இயலாது. முன்பு பொருந்திய பகுதியே மீண்டும் வரவேண்டும் எனக் கேட்கும் ‘பின்சுட்டு’ அது. கலகல, சலசல என்னும் இரட்டைக்கிளவிகளைத் தொகுக்க,

(....+)\1

என்பது போதும்; நான்கு ஒலியன்களுக்குக் குறையாத பகுதி உடனே மீள வருதல் என்பது அதன் பொருள். நான்கு என வரையறுக்காவிடில் ‘ட்ட்’ முதலிய இரட்டித்த மெய்களெல்லாம் வந்து குவியும். போசிக்ஸ் விரிந்த வகையில் பின்சுட்டு இல்லை; க்னூ கிரெப் அதனை மிகையாகத் தருகின்றது. இரட்டைக்கிளவியும் எதுகையும் உடைய மொழிக்கு இதனை விலக்குதல் இழப்பாகும். பின்சுட்டு உள்ள தேடல்களை மட்டும் மெதுவான வழிக்கு அனுப்பி, அதனைப் பயனர்க்கு அறிவித்தல் தகும்.

7. விடை தரும் முறை

கிரெப் தன் பணி முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். பொருத்தம் கிடைத்தால் 0, கிடைக்காவிடில் 1, பிழை நேர்ந்தால் 2. ‘கண்டிலேன்’ என்பதும் ‘தேட இயலவில்லை’ என்பதும் வேறு என்னும் இவ்வேறுபாடு 1 என்னும் விடைக்கு ஒரு மதிப்பைத் தருகின்றது. தமிழ்க் கருவி இன்னும் ஒரு படி செல்லுதல் வேண்டும். 1 என்னும் விடையோடு, தேடிய தொடர் எவ்வாறு பகுக்கப்பட்டது, எந்த எழுத்துகள் ஒருப்படுத்தப்பட்டன, எத்தனை கோப்புகள் படிக்கப்பட்டன, அவற்றுள் எழுத்தாக்கம் பெறாது வெறும் படிமமாக நின்றவை எத்தனை என்னும் விவரங்களைப் பயனர் கேட்டவுடன் அது தருதல் வேண்டும். ‘உரிகம்’ எனத் தேடி ஒன்றும் காணாத ஆய்வாளர், அவ்விவரங்களைப் பார்த்த பின் ‘உரிகத்’ என்றும், ‘ஊரிகம்’ என்றும், ‘ஊர்காம்’ என்றும் மாற்றி மாற்றித் தேட முற்படுவார்.